முற்றத்தில் ஒரு காடு

நுழையும்முன்

‘படிக்கும் பிள்ளை வெளியே சுற்றலாமா?’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி. மண்ணில் விளையாடினால் அழுக்கு, மரநிழலில் அமர்ந்தால் சோம்பல், வெளியில் ஓடினால் காலவிரயம் என்னும் எண்ணம் பெற்றோரிடமும் மாணவரிடமும் வேரூன்றியிருக்கிறது. கண்ணும் உடலும் மனமும் செம்மையாக வளர்வதற்கு மண்ணும் ஒளியும் மரமும் துணைசெய்கின்றன என்கின்றன அண்மைக்கால ஆய்வுகள். அவற்றுள் சிலவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பெயர்த்து வந்த காடு

ஐரோப்பாவின் வடபகுதியில் அமைந்த பின்லாந்து, காடுகள் மிகுந்த நாடு. எனினும், அந்நாட்டு நகரங்களில் உள்ள மழலையர் காப்பகங்கள் பலவற்றின் முற்றங்களில் சரளைக் கற்களே பரவிக் கிடந்தன. அறிவியலாளர்கள் அத்தகைய நான்கு காப்பகங்களின் முற்றங்களில் காட்டுத் தரையையும் புல்தரையையும் பெயர்த்துக் கொண்டுவந்து விரித்தனர். செடி வளர்க்கத் தொட்டிகளும் வைத்தனர். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே மண்ணைத் தோண்டினர், செடி நட்டனர், புல்லில் தவழ்ந்து விளையாடினர்.

28 நாள்களுக்குப் பிறகு அக்குழந்தைகளின் தோலையும் குருதியையும் ஆராய்ந்தபோது, தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகியிருந்தன. நோய் எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் கூறுகளும் குருதியில் உயர்ந்திருந்தன. சரளைக்கல் முற்றங்களில் விளையாடிய குழந்தைகளிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. இம்முடிவுகள் 2020ஆம் ஆண்டு வெளியாயின.

இதன் அடிப்படை எளிது. நம் உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு காவலரைப் போன்றது. பகைவர் யார், தீங்கற்றவர் யார் எனப் பிரித்தறியும் பயிற்சி அதற்கு வேண்டும். மண்ணிலும் இலைமக்கிலும் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. இளமையிலேயே அவற்றோடு பழகிய உடல், தேவையற்றபோது போர் தொடுப்பதில்லை. அப்பயிற்சி குன்றினால் மகரந்தத்தையும் தூசியையும்கூடப் பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. இதனையே ஒவ்வாமை என்கிறோம்.

இக்கருத்து திடீரெனத் தோன்றியதன்று. இல்க்கா ஹன்ஸ்கி என்னும் பின்லாந்துச் சூழலியலாளர் தம் குழுவினருடன் வளரிளம் பருவத்தினர் 118 பேரை ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார். வீட்டைச் சுற்றிப் பலவகைத் தாவரங்கள் செழித்திருந்த இடங்களில் வாழ்ந்தோரிடம் ஒவ்வாமைக்கு ஆட்படும் இயல்பு குறைவாக இருந்தது. அதன் தொடர்ச்சியே காப்பக முற்றத்தில் விரிந்த காடு. ஆயினும், 28 நாள் ஆய்வு எதிர்ப்பாற்றலில் நேர்ந்த மாற்றத்தைத்தான் காட்டியது. நோய் குறைந்ததென மெய்ப்பிக்கவில்லை. ஓர் ஆய்வு சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறிவதே அறிவியல் நோக்கு.

கண் கேட்கும் ஒளி

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றுள் ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடங்கள் கூடுதலாக வெளிப்புறச் செயல்பாடு வழங்கப்பட்டது; மற்ற ஆறில் வழக்கமான கால அட்டவணையே தொடர்ந்தது. மூன்று ஆண்டுகளின் முடிவில், வழக்கமான பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. வெளியில் விளையாடிய பள்ளிகளில் அது ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தது. மருந்தோ கருவியோ இன்றி, வானத்தின் கீழ் கழிந்த நேரமே இவ்வேறுபாட்டைத் தந்தது.

வெளிச்சம் மிகும்போது விழித்திரையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. விழிக்கோளம் அளவுக்கு மீறி நீள்வதை அது தடுக்கிறது என்பர். விழி நீண்டால் தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும், அதுவே கிட்டப்பார்வை. இதற்குச் சுட்டெரிக்கும் உச்சிவெயில் வேண்டியதில்லை. மரநிழலில்கூட வகுப்பறையைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு.

களைத்த மனம் இளைப்பாறும் இடம்

ஒன்றிலேயே கருத்தைச் செலுத்தும் ஆற்றல் அளவுக்குட்பட்டது. பயன்படுத்தப் பயன்படுத்தக் களைப்படையும். அசையும் இலையும் நகரும் மேகமும் நம் கவனத்தை மென்மையாக ஈர்ப்பதால், அக்களைப்பு நீங்க வழி பிறக்கிறது. இக்கொள்கையை வகுத்தவர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள்.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இதற்குச் சான்றாகிறது. கவனக்குறைபாடு உடைய 17 குழந்தைகளைப் பூங்கா, நகரின் மையப்பகுதி, குடியிருப்புப் பகுதி என மூன்று இடங்களில் வெவ்வேறு நாள்களில் 20 நிமிடங்கள் நடக்கச் செய்தனர். பூங்காவில் நடந்த பிறகே அவர்கள் கவனத்தைச் சிறப்பாகக் குவித்தனர். டென்மார்க்கில் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்ததில், பசுமை குன்றிய சூழலில் வளர்ந்தோருக்குப் பிற்காலத்தில் மனநலச் சிக்கல்கள் மிகுதியாக ஏற்பட்டமை 2019இல் தெரியவந்தது. பசுமை ஒன்றே இதற்குக் காரணம் எனக் கூறிவிட முடியாது. எனினும், புறக்கணிக்கத்தக்க செய்தியும் அன்று.

தெரிந்து தெளிவோம்

ரிச்சர்டு லூவ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2005இல் வெளியிட்ட நூலில், குழந்தைகள் இயற்கையிலிருந்து விலகுவதால் நேரும் இழப்புகளை ‘இயற்கைக் குறைபாடு’ எனப் பொருள்படும் பெயரால் சுட்டினார். இது மருத்துவத்துறை ஏற்ற நோய்ப்பெயர் அன்று.

சொல்லுக்குப் பொருள் தரும் நிலம்

துளிர், தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மாம்பிஞ்சை வடு என்றும் பலாப்பிஞ்சை மூசு என்றும் தென்னையின் இளம்பிஞ்சைக் குரும்பை என்றும் வழங்குவர். முன்னைய வகுப்புகளில் இவற்றைக் கற்றிருப்பீர்கள். காலடியில் சருகு நொறுங்கும் ஓசையைக் கேட்டவனுக்கு அச்சொல் ஓர் அனுபவம். கேளாதவனுக்கு அது ஒரு மதிப்பெண் வினாவின் விடை. உடல்நலம் மட்டுமன்று, மொழிவளமும் நிலத்தோடு கொள்ளும் உறவால் செழிக்கிறது.

எல்லார்க்கும் உரியது

ஓரறை வீட்டில், ஒரு மரமும் இல்லாத தெருவில் வளரும் குழந்தையிடம் ‘இயற்கையோடு வாழ்’ என்று அறிவுரை கூறிப் பயனில்லை. அக்குழந்தைக்குப் பள்ளி வளாகமே தோட்டம். விளையாட்டுப் பாடவேளையே வானம். தேர்வைக் காரணம் காட்டி அவ்வேளையை வேறு பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும்போது, அக்குழந்தையிடமிருந்து எதை எடுக்கிறோம் என எண்ணிப் பார்க்க வேண்டும். பின்லாந்தில் ஒரு முற்றத்தைக் காடாக மாற்ற முடிந்தது. நம் பள்ளியின் வெற்றிடத்தில் ஒரு வேம்பும் ஒரு புங்கமும் நட நம்மால் இயலாதா? இன்று நீங்கள் நடும் கன்றின் நிழலில், நாளை வேறொரு குழந்தையின் கண்ணும் மனமும் குளிரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள மரங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றின் இலை, பிஞ்சு ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுக்க.

2. ‘விளையாட்டுப் பாடவேளை வீணான நேரமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ஒரு வாரம் நாள்தோறும் வெளியில் கழித்த நேரத்தைக் குறித்துவைத்து, அதுபற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.