ரோமை ஈயமா வீழ்த்தியது?

கேள்வி: ஈய நஞ்சால்தான் ரோமப் பேரரசு அழிந்தது என்கிறார்களே, உண்மையா? எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை உருளிக்கு ஈயம் பூசித்தான் புளிக்குழம்பு வைக்கிறோம். பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, பாறசாலை

பதில்: நாம் ஈயம் என்பது காரீயம் (lead), வெள்ளீயம் (tin) என்ற இரண்டு உலோகங்களையும் குறிக்கும்; நஞ்சு காரீயம்தான். ரோமர்கள் காரீயத்தோடு வாழ்ந்தது உண்மை. குடிநீர்க் குழாய்கள் காரீயம். திராட்சைச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிய பாத்திரங்களிலும் காரீயம். புளிப்பு அந்த உலோகத்தைக் கரைத்துவிடும் என்பதால் குழாயைவிடப் பாகுதான் ஆபத்தானது. 1983இல் ஜெரோம் நிரியாகு என்ற ஆய்வாளர் இந்த நஞ்சைப் பேரரசின் வீழ்ச்சியோடு இணைத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே பேரரசின் கிழக்குப் பாதி 1453 வரை நிலைத்ததே! 2014இல் துறைமுக வண்டலை ஆராய்ந்தவர்கள், ரோமின் குழாய்நீரில் ஊற்றுநீரைவிட 100 மடங்கு வரை காரீயம் இருந்ததாகக் கணித்தார்கள். ஆனாலும் அது பெருந்தீங்கு செய்திருக்காது என்றார்கள்.

உங்கள் உருளிதான் எனக்குக் கூடுதல் கவலை. பூச வேண்டியது வெள்ளீயம். அது பித்தளையில் களிம்பேறாமல் காக்கும், உடம்புக்குக் கெடுதல் இல்லை. மலிவுக்காகக் காரீயம் கலந்து பூசினால் புளி கொதிக்கக் கொதிக்கக் குழம்பில் இறங்கும். நெய்யாற்றின்கரையிலோ களியக்காவிளையிலோ, எங்கே பூசக் கொடுத்தாலும் சுத்த வெள்ளீயமா என்று கேட்டுக் கொடுங்கள். உறுதி கிடைக்காவிட்டால் புளிக்குழம்பை எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள். பாதுகாப்பான காரீய அளவு என்று எதுவும் கிடையாது; முதலில் அடிபடுவது குழந்தைகளின் மூளை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் அது கவலைக்குரிய அளவில் இருப்பதாக யூனிசெஃப் 2020இல் சொன்னது. உங்கள் வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு ரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துவிடுங்கள்.