சபை நிதியும் ஊர் உழைப்பும்: வயல் வீதி திருத்தும் முறை

நெல் நன்றாய் விளைந்தும், அதனை வீட்டிற் சேர்க்க வழியில்லாவிடின் கமக்காரனுக்குப் பயன் யாது? மாரியில் உழவு இயந்திரம் சேற்றிற் புதைகின்றது. பசளை மூடைகள் தலைச்சுமையாகச் செல்கின்றன. வெட்டிய கதிர் வயலிற் கிடந்து முளைக்கின்றது. இக்குறையைச் சபை மட்டும் தீர்த்தல் அரிது; ஊர் மட்டும் தீர்த்தலும் அரிது. இரண்டும் சேரின் எளிதாகும்.

பொதுவானது எவருக்கும் உரியதன்று என்று விடப்படின் அது அழியும். 1832 ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபின், குளங்களைக் கூடிப் பேணும் வழக்கம் பல ஊர்களிற் குலைந்தது. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீண்டும் நிலைநிறுத்த முயன்றது. வீதிக்கும் இப்பாடம் பொருந்தும்.

எவரை அணுகுதல் வேண்டும்?

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தவை. உள்ளூர் வீதி, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பன அவற்றின் முதன்மையான கடமைகளாம். 80 ஹெக்டயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்களின் அணைக்கட்டும் மதகும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளன. அவற்றைக் குறித்துக் கமநல சேவை நிலையத்துக்கே விண்ணப்பித்தல் வேண்டும். வயல் வீதியெனின், அது சபையின் வீதிப் பதிவேட்டில் உண்டா என்பதை முதலில் அறிந்துகொள்க. கதவு மாறித் தட்டுவதால் ஓராண்டு வீணே கழியும்.

காலம் அறிதல்

சபையின் நிதியாண்டு தை முதலாம் நாள் தொடங்கி மார்கழி முடிவில் நிறைவுறும். அடுத்த ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஆராயப்படும். ஆகவே ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பத்தைக் கையளித்தல் நன்று. வேலையை வரண்ட மாதங்களிற் செய்து, ஐப்பசி மழைக்கு முன்னர் முடித்தல் வேண்டும்.

மதிப்பீடு செய்யும் முறை

400 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடைய ஒரு வீதிக்கு 15 சதமமீற்றர் தடிப்பிற் கிரவல் இடுவதாகக் கொள்வோம்.

1. இறுகிய கிரவலின் கனவளவு: 400 × 3 × 0.15 = 180 கன மீற்றர்.

2. கொட்டிய கிரவல் இறுகும்போது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும். எனவே ஏற்றி வரவேண்டியது 225 கன மீற்றர்; அஃதாவது ஏறக்குறைய 80 கியூப்.

3. இரு மருங்கும் 50 சதமமீற்றர் அகலமும் 30 சதமமீற்றர் ஆழமும் கொண்ட வடிகால் வெட்ட, 120 கன மீற்றர் மண்ணை அகற்றல் வேண்டும்.

4. மெதுவான மண்ணில் ஒருவர் நாளொன்றுக்கு 2 கன மீற்றர் வெட்டுவாரெனின், 60 ஆள் நாட்கள் செல்லும். 30 குடும்பங்கள் உள்ள ஊரில் இது வீட்டுக்கு இரண்டு நாள் வேலையே.

கிரவலையும் உருளை இயந்திரத்தையும் சபையிடம் கேட்கலாம். வடிகாலை ஊரார் சிரமதானமாக வெட்டலாம். தம் பங்கை இவ்வாறு கணக்கிட்டுக் காட்டும் ஊரின் விண்ணப்பம் வலிமையுடையது. இறுதி மதிப்பீட்டைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரே செய்தல் வேண்டும்.

வீதியின் நடுப்பகுதி ஓரங்களிலும் பார்க்க 6 தொடக்கம் 8 சதமமீற்றர் வரை உயர்ந்திருத்தல் வேண்டும். நீர் வழிந்தோடாத வீதி ஒரு மாரிக்கும் தாங்காது.

கணக்கும் நம்பிக்கையும்

நான் கடமையாற்றிய ஓர் ஊரில், சங்கமொன்று வீதிக்காக நிதி பெற்றது. பணம் களவு போகவில்லை, வேலையும் நடந்தது. ஆயினும் கிரவல் ஏற்றியதற்குரிய பற்றுச்சீட்டுகளை எவரும் பேணவில்லை. எஞ்சிய தொகை விடுவிக்கப்படாமல் ஆண்டு முடிந்தது. வடிகால் வெட்டப்படாத பாதிப் பகுதியை அடுத்த மாரி அரித்துச் சென்றது. உடைந்த வீதியிலும் பார்க்க, அயலவர் ஒருவரையொருவர் ஐயுற்றமையே பெரிய நட்டமாயிற்று. அதன்பின் சிரமதானத்துக்கு அழைத்தபோது வந்தவர் மிகச் சிலரே. இந்நிலை உங்கள் ஊருக்கு நேராதிருக்கப் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. பதிவு செய்யப்பட்ட கமக்காரர் அமைப்பின் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலேயே விண்ணப்பிக்குக. பொதுக்கூட்டத் தீர்மானத்தின் பிரதியை இணைக்குக.

2. பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இடுக. தனியாள் கணக்கில் ஒருபோதும் இடற்க.

3. வந்த கிரவலை லொறி லொறியாகக் குறித்து, இருவர் கையொப்பமிடுக.

4. வேலைக்கு வந்தோரின் பெயர்களையும் நாட்களையும் பதிவேட்டில் எழுதுக. பெண்களின் உழைப்பையும் சமமாகவே பதிக.

5. வரவையும் செலவையும் மாதந்தோறும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுக. கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கொள்ளற்க.

6. வேலை முடிந்தபின் வீதியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சில குடும்பங்களிடம் ஒப்படைக்குக. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் வடிகாலைத் துப்புரவு செய்தல் அவர்கள் கடமையாகும்.

நிதி ஒரு முறை வரும். பராமரிப்போ ஆண்டுதோறும் வேண்டும். அடுத்த காலபோகக் கூட்டத்தில் இவ்விடயத்தை எடுத்துப் பேசுக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.