ஷார்ட்லிஸ்ட் ஆகும் ரெஸ்யூமே

ஒரு அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விளம்பரம் வந்தால் பி.காம். பட்டதாரிகள் குவிந்துவிடுவார்கள். எல்லோரிடமும் அதே பட்டம், அதே டேலி. அமெரிக்க வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ் 2018-ல் நடத்திய ஆய்வில், ரெக்ரூட்டர்கள் ஒரு ரெஸ்யூமேவை முதல் பார்வைக்கு எடுத்துக்கொண்டது சராசரியாக 7.4 விநாடி. அதற்குள் நீங்கள் கண்ணில் பட வேண்டும்.

1. முதலில் வெட்டுங்கள். அப்பா பெயர், மதம், திருமணமானவரா, பொழுதுபோக்கு, கடைசியில் கையெழுத்தோடு வரும் உறுதிமொழி எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்லை. கல்லூரி சீனியரிடமிருந்து காப்பியடித்த ஆப்ஜெக்டிவும் வேண்டாம்.

2. அதிக நேரத்தை அனுபவ வரிகளுக்குக் கொடுங்கள். "ஜிஎஸ்டி வேலை பார்த்தேன்" என்றால் ஒன்றும் புரியாது. "மாதம் 400 இன்வாய்ஸ்களை டேலியில் பதிந்தேன், ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ம் தேதிக்குள்ளும் 3பி-யை 20-ம் தேதிக்குள்ளும் ஃபைல் செய்தேன், 2பி-யோடு ஒப்பிட்டு ஐடிசி வித்தியாசங்களைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதிப் பாருங்கள். இவரை முதல் வாரமே வேலையில் இறக்கலாம் என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும். என்ன செய்தீர்கள், எவ்வளவு, எந்தக் கெடுவுக்குள் என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். இன்டர்வியூவில் அதைத்தான் துருவுவார்கள். ஃப்ரெஷரா? ஆடிட்டர் ஆபீஸ் இன்டர்ன்ஷிப்பையும், சொந்தக் கடைக்கு எழுதிய கணக்கையும் இதே முறையில் எழுதலாம்.

3. விளம்பரத்தின் சொல்லையே எடுத்தாளுங்கள். பெரிய நிறுவனங்களில் ஏடிஎஸ் எனப்படும், விண்ணப்பங்களைக் கையாளும் சாஃப்ட்வேர்தான் ரெஸ்யூமேக்களை முதலில் படித்துப் பிரிக்கிறது. வேலை விவரத்தில் "பேங்க் ரீகன்சிலியேஷன்" என்றிருந்தால் நீங்களும் அதையே எழுதுங்கள், உண்மையில் தெரிந்திருந்தால் மட்டும்.

4. ஃபார்மேட் எளிமையாக இருக்கட்டும். ஒரே நெடுவரிசை, கலிப்ரி 11, சில வருட அனுபவம் வரை ஒரே பக்கம். டெக்ஸ்ட் பாக்ஸ், இரட்டை நெடுவரிசை, திறமைக்கு நட்சத்திரம் எல்லாம் சாஃப்ட்வேரைக் குழப்பும். பிடிஎஃப்-இல் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். வரிகள் இடம் மாறிக் கலைந்தால், சாஃப்ட்வேருக்கும் அப்படியே போய்ச் சேரலாம்.

5. ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் போதும். "நியூ ஃபைனல் 2" ஆகாது.

விளம்பரம் வந்த ஓரிரு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். தேவையான ஆட்கள் கிடைத்ததும் பல ரெக்ரூட்டர்கள் மிச்சத்தைத் திறப்பதே இல்லை.