காற்றை அளப்பதும் ஒரு நிறுவைதான்

கடைத் தராசு பிழைத்தால் வாடிக்கையாளர் மறுநாளே வந்து கேட்பார். டயருக்குக் காற்றடிக்கும் கேஜ் பிழைத்தால் கேட்க ஆளில்லை. வாங்கிய காற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் கண்ணாடி மங்கி, ஊசி நடுங்கும் பழைய கேஜ்கள் இன்னும் பல இடங்களில் பாவனையில் இருக்கின்றன. டயர் கடை நடத்துவோர், லொறி, ஆட்டோ ஓட்டுவோர், உதிரிப்பாகம் விற்போர் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இவ்வாரம் இந்தச் சிறிய கருவியைப் பற்றிப் பார்ப்போம்.

நான்கு இறாத்தல் வித்தியாசம்

2000 ஓகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டிருந்தன. ஓட்டத்தில் டயரின் மேற்பட்டை கழன்று வாகனங்கள் புரண்டதில் 250 பேருக்கு மேல் உயிரிழந்தனர். டயரின் தயாரிப்புக் குறைபாடு உட்படப் பல காரணங்கள் பேசப்பட்டன. காற்றின் அளவும் அவற்றில் ஒன்று. போர்ட் சொன்னது 26 இறாத்தல். பயர்ஸ்டோன் வேண்டுமென்றது 30 இறாத்தல். இரண்டு பெரிய நிறுவனங்கள் நான்கு இறாத்தலுக்காக வாதாடின. நமது பழைய கேஜ் ஒன்று சத்தமில்லாமல் அதே நான்கு இறாத்தலைப் பிழையாகக் காட்டக்கூடும்.

காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து சூடேறும். இரு ஓரங்களும் தேயும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். பாரம் ஏற்றிய லொறி வெயில் நேரத்தில் ஏ9 வீதியில் நீண்ட தூரம் ஓடி யாழ்ப்பாணம் வரும்போது இந்தச் சூடு சிறிய விடயமல்ல.

உள்ளே நடப்பது என்ன?

பாவனையில் இரண்டு வகை அதிகம். ஒன்று பேனா போன்றது. உள்ளே ஒரு சிறு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், இலக்கம் பொறித்த கோல். காற்று பிஸ்டனைத் தள்ள, கோல் வெளியே வரும். ஸ்பிரிங் தளர்ந்தால் கோல் அளவுக்கு மீறி வெளிவந்து கூடுதலாகக் காட்டும். டயரில் இருப்பதோ குறைவு. மாறாக, பிஸ்டனைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் காய்ந்து காற்றுக் கசிந்தால் குறைவாகக் காட்டும். நாம் தேவைக்கு மேல் அடித்துவிடுவோம்.

மற்றது வட்ட முகமும் ஊசியும் உள்ளது. இதன் உள்ளே வளைந்த உலோகக் குழாய் ஒன்று உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் போர்டோன் 1849 இல் உருவாக்கிய முறை இது. காற்று புகுந்தால் வளைவு சற்று நிமிரும்; அந்த அசைவைப் பற்சக்கரம் ஊசிக்குக் கொண்டுபோகும். கீழே விழுந்தால் பற்சக்கரம் இடம் மாறும். அளவுக்கு மீறிய அழுத்தம் பட்டால் குழாய் பழைய வளைவுக்குத் திரும்பாது. நமது கடற்காற்றின் உப்பும் மணல் தூசியும் இரண்டு வகைக்கும் பகை.

பரிசோதிப்பது எப்படி?

முதலில், காற்றில்லாதபோது ஊசி பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 3 இல் நின்றால், 30 காட்டும் டயரில் 27 அளவே இருக்கக்கூடும். சில கேஜ்களில் ஊசியைத் தடுக்கும் சிறு முள் இருப்பதால், பூச்சியத்தில் நின்றாலும் முழுமையாக நம்பிவிடக் கூடாது.

அடுத்து, ஓடாமல் ஆறியிருக்கும் ஒரே டயரில் மூன்று முறை அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இலக்கம் காட்டும் கேஜை ஒதுக்கிவிடலாம். பின் நம்பகமான வேறொரு கேஜுடன் 20, 30, 40 ஆகிய மூன்று அளவுகளிலும் ஒப்பிடுங்கள். லொறிக்கென்றால் 80, 100 இலும் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எது பிழை என்று அறிய மூன்றாவது ஒன்று தேவை. ஐரோப்பிய நாடுகள் 1986 இல் வகுத்த விதியில் 4 பார் வரை அனுமதித்த பிழை 0.08 பார், அதாவது ஏறக்குறைய 1.2 இறாத்தல் மட்டுமே.

திருத்துவதா, மாற்றுவதா?

வால்வில் பொருந்தும் வாயிலுள்ள றப்பர் வாஷர், வெடித்த குழாய், தளர்ந்த இணைப்பு, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைத் திருத்தலாம். செலவு சொற்பம். பேனா வகையின் றப்பர் வளையத்தையும் அளவு பொருந்தினால் மாற்றலாம். உள்ளே என்ஜின் ஒயில் விட வேண்டாம். அது தூசியைப் பிடிக்கும். சில றப்பர்களை ஊதவும் செய்யும்.

சிலர் கண்ணாடியைக் கழற்றி ஊசியைப் பிடுங்கிப் பூச்சியத்தில் குத்திவிடுவார்கள். ஊசி மட்டும் வழுவியிருந்தால் அது சரி. குழாய் இழுபட்டிருந்தால் பூச்சியத்தில் சரியாக நிற்கும், 30 இல் பிழைக்கும், 100 இல் இன்னும் பிழைக்கும். ஆகவே ஊசியைத் திருத்திய பின் மேலே சொன்ன ஒப்பீட்டைக் கட்டாயம் செய்யுங்கள். தேறாவிட்டால், தளர்ந்த ஸ்பிரிங்குக்கும் இழுபட்ட குழாய்க்கும் மருந்து தேடாமல் புதியது வாங்குங்கள். ஒரு டயரின் விலையோடு பார்த்தால் நல்ல கேஜின் விலை சிறியது.

வாங்கும்போது வழமையான அளவு முகத்தின் நடுப்பகுதியில் வரும்படி பாருங்கள். காருக்கு 60 வரை உள்ளது போதும். 200 வரை உள்ளதில் 30 ஐத் துல்லியமாக வாசிக்க முடியாது. 1 பார் என்பது 14.5 இறாத்தல் என்பதையும் நினைவில் வையுங்கள். கடை வைத்திருப்போர் இரண்டு வாங்குவது நல்லது. ஒன்று தினப் பாவனைக்கு. மற்றது பெட்டியில் பத்திரமாக இருந்து, மாதம் ஒருமுறை முதலாவதைச் சரிபார்க்க.

அளவை நிறுவையில் மோசடி செய்வோரைப் பற்றித் தனியாக ஒரு ஸூராவே உண்டு என்பதை நாம் அறிவோம். பிழை என்று தெரிந்த பின்னும் அதே கேஜால் காற்றடித்துக் காசு வாங்குவது எந்த வகையில் சேரும் என்பதை ஒவ்வொருவரும் யோசிக்கட்டும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களின் பின் திரும்பிவந்து யாழ்ப்பாணத்தில் மீண்டும் கடை திறந்த நம்மவர்களுக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கையே பெரிய முதல். இந்த வாரம் உங்கள் கடையில் தொங்கும் கேஜைக் கழற்றி, ஊசி எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.