ஒன்பது அங்குல ஆக்சில் என்னும் சர்வரோக நிவாரணி

அமெரிக்காவில் 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை, நடுத்தர அளவுள்ள வண்டியில் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி விற்கப்பட்ட ‘மசில் கார்’களைப் புதுப்பிப்போரிடையே, பின் ஆக்சிலை மாற்றும் பேச்சு எழுந்தவுடன் ஒரே விடை ஒப்பிக்கப்படுகிறது: வண்டி செவ்ரோலேயாயினும் பான்டியாக்காயினும் டாட்ஜாயினும், ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சிலைப் போட்டால் போதும், அது உடையவே உடையாது, மற்றவை எல்லாம் வீண் செலவு. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன இந்த விடையைச் சொல்பவர்களுள் எத்தனை பேர் ஒருமுறையேனும் அளவுநாடாவைக் கையில் எடுத்திருப்பார்கள் என்பது ஐயத்திற்குரியது.

முதலில், ‘ஒன்பது அங்குலம்’ என்பது வலிமையின் அளவன்று. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் பினியன் என்னும் சிறு பல்சக்கரத்திடமிருந்து வாங்கிச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் கிரௌன் சக்கரத்தின் விட்டம் மட்டுமே அது. 1957 முதல் 1986 வரை ஃபோர்டு நிறுவனம் இந்த ஆக்சிலைக் குடும்பக் கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் பொருத்தியதால், அதே பெயரில் பலதரப்பட்ட உருப்படிகள் இன்றும் பழைய இரும்புக் கிடங்குகளில் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பவை சாதாரண வார்ப்பிரும்புக் கூடும், 28 ஸ்ப்ளைன் கொண்ட ஆக்சில் ஷாஃப்டுமே. ஸ்ப்ளைன் என்பது ஷாஃப்டின் முனையில் நீளவாட்டில் வெட்டப்பட்ட பல் ஆகும். பந்தயக்காரர்கள் புகழும் உருப்படியோ, முகப்பில் ‘என்’ எழுத்துப் பொறித்த உறுதியான வார்ப்பும் 31 ஸ்ப்ளைன் ஷாஃப்டும் கொண்டது. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்து வளர்வதால், 28 ஸ்ப்ளைன் ஷாஃப்டின் 1.18 அங்குலத்திற்கும் 31 ஸ்ப்ளைன் ஷாஃப்டின் 1.31 அங்குலத்திற்கும் இடையிலான சிறு வேறுபாடே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வலிமையைக் கூட்டிவிடுகிறது. ஒன்றின் புகழை மற்றொன்றின் மேல் ஏற்றி விற்பது வணிகம். அதை நம்பி வாங்குவது சோம்பல்.

அடுத்து, எந்த வலிமை உண்மையில் தேவை என்ற கேள்வியையே இந்த நம்பிக்கை எழவிடுவதில்லை. 396 கன அங்குல எஞ்சின் கொண்ட 1968-ஆம் ஆண்டுச் செவ்ரோலே செவெல் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 560 நியூட்டன் மீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. நான்கு கியர் பெட்டியின் முதல் கியர் விகிதம் 2.52, பின் ஆக்சில் விகிதம் 3.55 என்று பெருக்கினால் 5,000 நியூட்டன் மீட்டர் வருகிறது, இந்த எண்ணைக் காட்டித்தான் வாங்குபவர் அச்சுறுத்தப்படுகிறார். (அக்கால விளம்பர எண்கள் மின்னாக்கி, காற்றாடி போன்ற துணைக் கருவிகளின்றிச் சோதனை மேடையில் அளக்கப்பட்டவை என்பதை எவரும் நினைவூட்டுவதில்லை.) ஆனால் சாலையைப் பற்றியிருக்கும் டயர் எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் ஆக்சிலுக்குச் சுமை ஏறாது, வண்டி புறப்படும் கணத்தில் பின் சக்கரங்களின் மேல் 1,000 கிலோகிராம் எடை விழுகிறது, உராய்வுக் கெழு 0.9, டயரின் ஆரம் 0.33 மீட்டர் என்று கொண்டால், 2,900 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிச் சுழலத் தொடங்கிவிடும். கிளட்சைத் திடீரென விடும்போது எழும் அதிர்ச்சி இந்த எண்ணைச் சற்று உயர்த்தும் என்றாலும், சாலை டயருடன் ஓடும் வண்டிக்குப் பந்தய ஆக்சில் தேவைப்படுவதில்லை. மாறாக, கோடுகளற்ற மென்மையான ரப்பரால் ஆன ஸ்லிக் டயரில் உராய்வுக் கெழு 1.5-ஐ எட்டும்போது அதே கணக்கு 4,800-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஆக்சிலைத் தேர்வோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது டயரை. எஞ்சினின் எண் அதற்குப் பிற்பாடே வரும்.

ஒன்பது அங்குல ஆக்சிலுக்கு ஒரு விலையும் உண்டு. அதன் பினியன், கிரௌன் சக்கரத்தின் மையக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலத்திற்கும் மேல் தாழ்ந்திருப்பதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் சறுக்குகின்றன. சறுக்கல் வெப்பமாகிறது, வெப்பமோ சக்கரத்திற்குப் போகாத ஆற்றல். ஜெனரல் மோட்டார்ஸின் 12 போல்ட் ஆக்சிலில் இத்தாழ்வு ஒன்றரை அங்குலம் மட்டுமே. பினியனை இருபுறமும் தாங்கும் கூடுதல் பேரிங், பற்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி விகிதத்தை விரைவில் மாற்றும் வசதி ஆகியவை மறுக்க முடியாத சிறப்புகள். எனினும் அந்தக் கழற்றும் வசதி ஃபோர்டின் தனிச்சொத்து என்று சொல்வோர், 1957 முதல் 1974 வரை வந்த கிரைஸ்லரின் 8¾ அங்குல ஆக்சிலைப் பார்த்ததில்லை போலும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை. ஆக்சிலின் மூடியிலுள்ள போல்ட்களை எண்ணி வலிமையைக் கணிப்பது வீண், ஜெனரல் மோட்டார்ஸின் 8.2 அங்குல 10 போல்ட் ஆக்சிலும் 8.5 அங்குல 10 போல்ட் ஆக்சிலும் வெவ்வேறானவை, சரக்கு வண்டியின் 12 போல்ட் ஆக்சிலிலோ பினியனின் தண்டு காருடையதை விட மெலிந்தது. விகிதத்தின் எண் பெருகினால் வண்டி வேகமாகும் என்பதும் அரைகுறைப் பேச்சு: 0.66 மீட்டர் விட்டமுள்ள டயருடன், மேல் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லும்போது 3.08 விகிதத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,480 முறை சுழலும் எஞ்சின், 4.10 விகிதத்தில் 3,300 முறை சுழன்று நெடுஞ்சாலைப் பயணத்தைத் தண்டனையாக்கிவிடும்.

வலிமையைப் பற்றி இத்தனை பேசுவோர் பொருத்தத்தைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. ஃபோர்டு மஸ்டாங்கில் ஒரு சக்கரத் தட்டிலிருந்து மறு தட்டு வரையுள்ள அகலம் 1965–66-இல் 57.25 அங்குலம், 1967–70-இல் 59.25, 1971–73-இல் 61.25; ஒரே பெயருள்ள காரிலேயே இவ்வளவு மாற்றம். செவெல்லில் பின் ஆக்சிலைப் பிடிக்கும் மேல் கைகள் நடுக்கூட்டின் வார்ப்பிலேயே உள்ள காதுகளில் மாட்டப்படுவதால், ஃபோர்டு ஆக்சிலுக்குப் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பின் சூட்டில் குழாய் வளைந்தால் பேரிங்குகள் விரைவில் தேயும். அறுபதுகளின் பிற்பகுதி மஸ்டாங்குக்கு, 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சில், 31 ஸ்ப்ளைனும் டிஸ்க் பிரேக்கும் ஒத்த அகலமும் உடையதாய்க் குறைந்த செலவில் அமைகிறது. அதன் ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டி வேறிடத்தில் வைக்க வேண்டும், ஷாஃப்டை உள்ளே பிடித்திருப்பது ‘சி’ வடிவக் கிளிப்பே ஆதலால் ஷாஃப்டு முறிந்தால் சக்கரமே வெளியேறிவிடக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்த ஆக்சில் உள்ளே வந்தாலும், வெளியே போகும் ஆக்சிலை இரும்புக் கடைக்கு அனுப்பும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வலப்பக்கக் குழாயில் பொறிக்கப்பட்ட குறியீடு, அது எந்த விகிதத்துடன் எந்த நாளில் உருவானது என்பதைச் சொல்லும். காரின் பிறப்புச் சான்றுகளுள் ஒன்றான அதைத் தேய்த்துச் சாயமடித்தவர்களும், புதிய தாங்கியைப் பற்றவைக்க அதன் மேலேயே தீ வைத்தவர்களும் உண்டு. குறியீட்டைப் படமெடுத்து, எண்ணெய் நிரப்பி, துளைகளை அடைத்து வைக்கப்படும் பழைய ஆக்சில், வண்டி விற்கப்படும் நாளில் அதனுடனேயே புதிய உரிமையாளரிடம் சேர வேண்டும்.