ஐயமும் யகீனும்: இமாம் கஸ்ஸாலி அவர்கள் பட்ட பாடு



பாங்கு கேட்டதும் கல்லாவைப் பூட்டிவிட்டு, பையனிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறோம். தக்பீர் கட்டியதும் என்ன நடக்கிறது? வராத சரக்கு, இன்னார் தரவேண்டிய பாக்கி, நாளைக்குக் கட்டவேண்டிய வாடகை எல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்து நிற்கின்றன. மறந்த கணக்கு நினைவுக்கு வரவேண்டுமானால் தொழுகையில் நிற்கவேண்டும் என்று நம்மவர்கள் கேலியாகச் சொல்வதும் உண்டு. ஆனால் சிலருக்கு இது சிரிக்கிற விஷயமாக இல்லை. "என் கல்பில் ஒன்றுமே தோன்றவில்லையே, எனக்கு ஈமான் இருக்கிறதா?" என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். வெளியில் சொன்னால் ஜமாஅத்தார் என்ன பேசுவார்களோ என்ற பயம் வேறு.

நம் மச்சான் மகன் ஒருவன் காலேஜில் படிக்கிறான். மாலையில் கடைக்கு ஒத்தாசையாக வருவான். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு, "மாமா, நான் தொழுகிறேன். ஆனால் உண்மையிலேயே நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை" என்றான். நாம், "படிப்பு தலைக்கேறிவிட்டதா?" என்று ஒரு அதட்டல் போட்டோம். அவன் வாயை மூடிக்கொண்டான். பத்து நாள் கடைப்பக்கமே வரவில்லை. அந்தப் பத்து நாளில்தான், நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் அந்த இமாம் அவர்கள் 1058-ல் தூஸ் நகரில் பிறந்தார்கள். 1091-ல், முப்பத்து மூன்று வயதில், மந்திரி நிஜாமுல் முல்க் அவர்களை பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக நியமித்தார். முன்னூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தமக்கு வந்த சந்தேகத்தை மறைக்கவில்லை. "அல் முன்கித் மினள் ளலால்" என்ற கிதாபில் ஒன்று விடாமல் எழுதிவைத்தார்கள்.

முதலில் கண்ணை நம்பலாமா என்று சோதித்தார்கள். நிழலைப் பார்த்தால் அசையாமல் நிற்கிறது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்தால் ஒரு தீனார் காசளவு தெரிகிறது. கணக்கு போட்டால் பூமியைவிடப் பெரிது. (வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் காசு உதாரணம் நன்றாகவே பிடிபடும்.) கண் பொய் சொல்கிறது என்று அறிவு காட்டிக்கொடுத்தது. அப்படியானால் அறிவும் பொய் சொல்கிறது என்று காட்ட, அதற்கு மேலே வேறொன்று இருக்காதா? கனவு காணும்போது அதுவும் மெய்யாகத்தானே தோன்றுகிறது? இந்த நோய் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்ததாம். வாயால் சொல்லவில்லையே தவிர, உள்ளத்தில் எதையும் நம்பமுடியாத நிலை. அது நீங்கியது வாதத்தாலோ ஆதாரத்தாலோ அல்ல. அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் என்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. இரண்டாவது சோதனை 1095-ம் ஆண்டு, ஹிஜ்ரி 488 ரஜபில் உச்சத்துக்கு வந்தது. தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பேருக்கும் புகழுக்குமா என்று தம்மையே கேட்டார்கள். பதில் சாதகமாக வரவில்லை. போகலாம் என்று காலையில் ஒரு மனம், இருக்கலாம் என்று மாலையில் ஒரு மனம். இப்படி ஆறு மாத காலம். கடைசியில் நாக்கு பூட்டிக்கொண்டது. மாணவர்களுக்கு முன் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. சோறு இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது கல்பில் இறங்கி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்துக் கவலை நீங்காமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிரித்தார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் பக்தாதின் வைத்தியர்கள் சொன்னதைக் கவனியுங்கள். மனோதத்துவம் ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 934-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல் பல்கீ, உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்கும் சேர்த்தே ஒரு கிதாப் எழுதியிருக்கிறார். அதில் கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி உண்டு.

வஸ்வாஸ் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இமாம் அவர்களுக்கு வந்த சந்தேகம் வேறு, இது வேறு. ஒளூ செய்துவிட்டு முழங்கை நனைந்ததா என்று மறுபடி மறுபடி கழுவுவதும், நிய்யத்து சரியாக வந்ததா என்று தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவதும் பேணுதல் என்று சிலர் நினைக்கிறார்கள். அளவு மீறினால் அது நோய். இக்கால மருத்துவர்கள் ஒருமுறை செய், மனம் துடித்தாலும் பொறுத்துக்கொள், மறுபடி செய்யாதே என்று பழக்குகிறார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹுச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. இப்படி அவதிப்படுகிறவரை "இன்னும் கவனமாகக் கழுவு" என்று யாரும் ஏவவேண்டாம்.

இமாம் அவர்கள் தமக்கும் மக்களுக்கும் போதுமானதை வைத்துக்கொண்டு, மீதிப் பொருளைப் பங்கிட்டுவிட்டு, மக்காவுக்குப் போவதாகச் சொல்லி ஷாம் தேசம் போனார்கள். திமிஷ்கின் பள்ளி மினாராவில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். பைத்துல் முகத்தஸுக்கும் போனார்கள். அவர்கள் கண்டது இதுதான்: ஆரோக்கியத்துக்கு விளக்கம் சொல்லத் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. மார்க்கமும் அப்படியே. பிறகு 1106-ல் நைஸாபூரில் மறுபடி பாடம் நடத்தினார்கள். 1111-ல் தூஸிலேயே வஃபாத்தானார்கள்.

மருமகன் திரும்பி வந்ததும் இதை அவனிடம் சொன்னோம். ஒரு வாரம் கழித்து லைப்ரரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து, கல்லாப்பெட்டி மேலேயே விரித்து, தமிழில் சொல்லிக்காட்டினான். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எடின்பரோவில் செய்த பிரசங்கங்கள், 1902-ல் வெளியானவை. அதில் நம் இமாமின் அனுபவத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துப் பக்கக் கணக்கில் போட்டிருக்கிறார்! இப்படிப்பட்ட அனுபவம் வார்த்தைக்கு அடங்காது, ஏதோ ஒன்றை அறிந்த உறுதியைத் தரும், நெடுநேரம் நிற்காது, நம் கையில் இல்லை என்கிறார். உடல்கோளாறு என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது, அது தரும் பலனைப் பார் என்றும் சொல்கிறார். நியாயமான பேச்சு. ஆனால் மார்க்கம் என்பது மனிதன் தனிமையில் உணர்வது என்று அவர் வைத்துக்கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. தோளோடு தோள் நிற்கும் ஸஃப்பை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"இமாமுக்கு ஒளி வந்தது மாமா. வராதவன் என்ன செய்வது?" என்றான் மருமகன்.

அதட்டல் நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டோம். ஹன்ளலா (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணெதிரே நிற்பதுபோல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி மக்கள், சொத்து என்று கலந்ததும் மறந்துபோகிறது. நான் முனாஃபிக்காகிவிட்டேன் என்று அந்த ஸஹாபி அழுதார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களோ, எங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்று மும்முறை சொல்லி அனுப்பினார்கள். வேறு சில ஸஹாபிகள், வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்றார்கள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கடைக் கதவை இறக்க ஒரு கை கொடுத்தான். மறுநாள் மஃரிபுக்கு நம் பக்கத்தில்தான் நின்றான். அவன் கல்பில் என்ன இருந்தது என்று நாம் கேட்கவில்லை. நம் கல்பில் அரிசி மூட்டைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.