புதிய படக் கார்டுகளை நியாய விலைக்கு வாங்குவது எப்படி?



பத்திரிகை, மிட்டாய், பேனா, பென்சில் இவற்றோடு நமது கடைகளில் இன்னொரு சரக்கும் இடம் பிடித்து விட்டது. அதுதான் பிள்ளைகள் சேர்த்து விளையாடும் படக் கார்டு. போக்கிமான், மேஜிக், யூகியோ, ஒன் பீஸ் என்று அதில் பல ஜாதி. "பிள்ளைகள் சமாச்சாரம்தானே" என்று அலட்சியமாக இருப்போரும் உண்டு. ஆனால் புதுச் சரக்கு இறங்கும் நாளில் கடை திறக்குமுன் வரிசை நிற்கிறது. வரிசையில் பெரியவர்களே அதிகம். அன்று மாலைக்குள் விலை இரட்டித்து விடுகிறது. அந்த அவசரத்தில் கை சுட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பட்டுத் தெரிந்து கொண்டதைப் பாடமாக எழுதுகிறேன்.

1. இது என்ன சரக்கு?

முதலில் நாம் மனதில் வைக்க வேண்டியது யாதெனில், இது காகிதம். தங்கமுமல்ல, தோட்டத்தில் ஒரு போகம் விளைந்து தீர்ந்துபோகும் கிராம்புமல்ல. இயந்திரம் ஓடினால் மேலும் வரும். போக்கிமான் கார்டு 1996 அக்டோபரில் ஜப்பானில் வெளியாயிற்று. அதுமுதல் 2023 மார்ச்சு வரை அச்சானவை 5,290 கோடி என்று கம்பெனியே கணக்குச் சொல்லியிருக்கிறது. 2024 மார்ச்சில் அந்தக் கணக்கு 6,480 கோடி. அதாவது, ஒரே வருஷத்தில் 1,190 கோடி கார்டு. இத்தனை அச்சாகியும் தட்டுப்பாடு ஏன்? வெளியான முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பதாலும், கேட்பவர்களில் பலர் மறுபடி விற்கவே வாங்குவதாலும்தான்.

2021 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டார்கெட் கடை ஒன்றின் வெளியே கார்டுக்காகக் கைகலப்பு நடந்தது. அதன்பின் அந்தக் கம்பெனி தன் கடைகளில் கார்டு விற்பதையே சில காலம் நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் ஜப்பான் மெக்டானல்ட்ஸ் பிள்ளைகளின் சாப்பாட்டோடு போக்கிமான் கார்டு கொடுத்தபோது, கார்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வீசியெறிந்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கிராக்கி மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்!

2. கம்பெனி விலையை அறிந்து கொள்க

எந்தப் புதுச் சரக்கானாலும் பணப்பையைத் திறக்குமுன் கம்பெனி குறித்த சில்லறை விலை என்னவென்று விசாரிக்க வேண்டும். 2023ல் தொடங்கிய ஸ்கார்லெட் வயலெட் தொடரில் ஆங்கிலப் பாக்கெட்டுக்கு அமெரிக்காவில் குறித்த விலை 4 டாலர் 49 சென்ட். பாக்கெட்டில் 10 கார்டு, பெட்டியில் 36 பாக்கெட். ஆக, ஒரு பெட்டி 161 டாலர் 64 சென்ட். அதே தொடரில் ஜப்பானியப் பாக்கெட்டில் 5 கார்டு, விலை 180 யென். 30 பாக்கெட் கொண்ட பெட்டி 5,400 யென். இதன்மேல் கப்பல் கூலி, வரி, ஏஜண்டு லாபம், நமது லாபம் இவற்றைச் சேர்த்தால் நம் ஊருக்கு நியாயமான விலை தெரிந்துவிடும்.

பெட்டியின் அலங்காரத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். எலீட் டிரெயினர் பாக்ஸ் என்ற பெரிய பெட்டி அதே தொடரில் 49 டாலர் 99 சென்ட். உள்ளே 9 பாக்கெட். மீதியெல்லாம் உறை, பகடை முதலிய சாமான்கள். இதையே ஒருவர் 100 டாலருக்குக் கொடுத்தால், சாமான்களுக்கு 10 டாலர் தள்ளினாலும், பாக்கெட் ஒன்று 10 டாலர் ஆகிறது. பாக்கெட் ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள்.

3. ஏஜண்டு யாருக்குக் கொடுக்கிறார்?

கம்பெனியிடமிருந்து ஏஜண்டுக்கும், ஏஜண்டிடமிருந்து கடைக்கும் சரக்கு வருகிறது. கிராக்கி அதிகமானால் ஏஜண்டு பங்கு பிரிக்கிறார். இருபது பெட்டி கேட்டவனுக்கு மூன்று கிடைக்கும். அந்த மூன்றும் யாருக்கு? பெரும்பாலும், கிராக்கியில்லாத காலத்திலும் ஒழுங்காக வாங்கி, தவணை தவறாமல் பணம் கட்டியவனுக்கு. நல்ல சரக்கு வரும்போது மட்டும் ஓடிப்போய் நிற்பவனுக்குக் கடைசி இடம்தான். ஆகையால் மலிவாக வாங்கும் வழி வெளியீட்டு நாளில் தொடங்குவதல்ல. ஆறு மாதம் முன்னதாகவே தொடங்குகிறது. அளவாக, ஆனால் விடாமல் வாங்குங்கள்.

சில இடைத்தரகர்கள், "இந்தப் புதுப் பெட்டி வேண்டுமானால் விற்காத அந்தப் பத்துப் பெட்டியையும் எடுத்துக்கொள்" என்பார்கள். விற்காத சரக்கின் நஷ்டத்தையும் புதுப் பெட்டியின் விலையில் ஏற்றிக் கணக்குப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

4. என் நஷ்டம்

2023 நடுவில் ஜப்பானியப் பெட்டிகளுக்கு நெருப்பாகக் கிராக்கி. என் ஏஜண்டிடம் சரக்கில்லை. இடைத்தரகர் ஒருவரிடம் கம்பெனி விலையைப் போல் மூன்று மடங்கு கொடுத்து இருபது பெட்டி எடுத்தேன். "அடுத்த வாரம் நாலு மடங்கு" என்றார் அவர். பாக்கெட் 8 வெள்ளி என்று விற்றேன். ஒரு சிறு பையன் பெருநாள் காசைச் சேர்த்து வைத்து ஐந்து பாக்கெட் வாங்கிப் போனான்.

பிறகு மறு அச்சு வந்து இறங்கியது. அடுத்த தெருவில் அதே பாக்கெட் 4 வெள்ளி. என்னிடம் பதினொரு பெட்டி தேங்கி நின்றது; நஷ்டத்துக்குத் தள்ளினேன். அந்த நஷ்டம் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அந்தப் பையன் ஒருநாள் வந்து நின்று, "மாமா, அங்கே நாலு வெள்ளிதானே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதன்பின் அவன் என் கடைக்கு வரவில்லை. என் வாப்பா முப்பது வருஷம் காப்பாற்றிய கடைப் பெயர் ஒரு பிள்ளையிடம் 20 வெள்ளிக்குப் போயிற்று.

5. பொறுப்பதா, வாங்குவதா?

2025 ஜனவரி 17ல் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் வெளியானபோதும் பெருந் தட்டுப்பாடு. அப்போதும் கம்பெனி மறு அச்சுக்கு ஏற்பாடு செய்வதாக அறிவித்தது. 2021லும் அவ்வாறே அறிவித்தது. சாதாரணப் புதுத் தொடருக்கு மறு அச்சு வரும் என்று எதிர்பார்ப்பதே புத்தி. முதல் வார விலை அவசரத்தின் விலை. அது சரக்கின் விலையல்ல.

ஆனால் எல்லாம் இறங்கும் என்று சொல்லவும் மாட்டேன். 2021ல் வந்த ஈவால்விங் ஸ்கைஸ் அச்சு நின்ற பின்னர் ஏறியது. மேஜிக் கார்டின் கதையும் ஒரு பாடம். 1995ல் பழைய கார்டுகளைக் குரோனிக்கிள்ஸ் என்ற பெயரில் மறுபடி அச்சிட்டார்கள். பழைய கார்டுகளின் விலை விழுந்தது, சேகரிப்போர் கூச்சலிட்டார்கள். அதன்பேரில் 1996ல் சில கார்டுகளை இனி அச்சிடுவதில்லை என்று கம்பெனி பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்தது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது இன்னும் அச்சில் இருக்கிறதா?" இருந்தால் பொறுங்கள். இல்லையென்றால் அது வேறு வியாபாரம். தெரியாதவன் அதில் கடை முதலைப் போடக் கூடாது.

6. கிராக்கியில் நுழையும் மோசடி

தட்டுப்பாட்டுக் காலத்தில் போலியும் கூடவே வரும். பாக்கெட்டைப் பிரித்து நல்ல கார்டை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டி விற்பார்கள். ஆங்கிலப் போக்கிமான் பெட்டியின் மேலுறையில் போக்கிமான் சின்னம் அச்சாகியிருக்கும். வெறும் உறையாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். பாக்கெட்டின் ஓரத்தில் பசை கசிவோ சுருக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி விலைக்கும் மிகக் கீழே ஒருவர் கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். ரசீது இல்லாத சரக்கு வேண்டாம்.

7. வாங்கியபின் விற்பது

முன்பணம் வாங்கிப் பதிவு செய்யும் வழக்கம் பரவியிருக்கிறது. ஏஜண்டு தரும் பங்கு எவ்வளவு என்று தெரியுமுன் நாற்பது பேரிடம் பணம் வாங்கி, பத்துப் பேருக்குக் கொடுத்து, முப்பது பேரிடம் சாக்குச் சொல்வது வியாபாரமல்ல. கைக்கு வராத சரக்கை விற்பதைப் பற்றியும், ஸலம் என்னும் முன்பண வியாபாரத்தின் நிபந்தனைகளைப் பற்றியும் நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். பதுக்கலைப் பற்றிக் கிதாபுகளில் வரும் பேச்சு பெரும்பாலும் உணவுப் பொருளைப் பற்றியது, கார்டு உணவல்ல. ஆகையால் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் அலமாரிக்குப் பின்னால் பெட்டியை மறைத்துவிட்டு "சரக்கில்லை" என்று சொன்னால் அது பொய் என்பதற்கு ஃபத்வா வேண்டியதில்லை.

இப்போது என் கடையில் செய்வது இதுதான். வந்த பெட்டிகளின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதி வைக்கிறேன். ஆளுக்கு இரண்டு பாக்கெட். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டியை மாலை வரை தனியே வைக்கிறேன். ஜப்பானில் சில கடைக்காரர்கள் மேலுறையைப் பிரித்தே பெட்டியைக் கொடுக்கிறார்கள். உறை பிரிந்த பெட்டியை மறுபடி விற்பது கஷ்டம். விளையாடுகிறவனுக்கோ அதனால் குறைவில்லை. மொத்தமாய்க் கேட்பவரிடம் நானும் அப்படியே செய்கிறேன். அவர்களில் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சுருக்கமாகச் சொன்னால்: கம்பெனி விலையை அறிக, பாக்கெட்டுக்கு வகுத்துப் பார்க்க, ஏஜண்டிடம் நாணயம் காக்க, அச்சில் உள்ளதற்குப் பொறுக்க, ரசீதில்லாததை விடுக. லாபம் கொஞ்சமாக வரும். ஆனால் எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் முகம் பார்த்துப் பதில் சொல்லலாம்.